பர்வே சார் வகுப்பில் அப்பா

பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும்போது பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, பக்கத்து அறைக்குப் போய்விடுவது. மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த வீட்டில் பக்கத்து அறை கிடையாது. ஓர் அறை, ஒரு சமையலறை, துணி உலர்த்த ஒரு பால்கனி, அவ்வளவுதான். போக இடமில்லாததால் என் அப்பா எனக்கு உதவி செய்தார். அதனால்தான் நான் எஞ்சினியர் ஆகவில்லை. பம்பாயின் பாலங்கள் பல இன்னும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று என் தங்கை சரஸா சொல்வாள்.

முதலில் காலத்தைத் தீர்த்துவிடுகிறேன். (வருஷத்தைத் தப்பாகச் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது.) இது நடந்தது 1964இல். சரஸா 1963 என்று சாதிப்பாள், நம்பாதீர்கள். அப்பா எனக்காக ஒரு வகுப்புக்கு தாதர்வரை பஸ்ஸில் போனார். டிராம் ஓடிக்கொண்டிருந்தவரை அப்பா அந்தப் பக்கம் பஸ்ஸில் ஏறியதே இல்லை. பம்பாயில் டிராம் நின்றது 1964 மார்ச் கடைசியில். ஆகவே இது 1964 ஏப்ரல். வழக்கு முடிந்தது.

அப்பா பல்லார்ட் பியரில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோ. சுருக்கெழுத்தில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்பார்கள். அவருடைய துரை அறைக்குள் நடந்துகொண்டே, வாயில் பைப்போடு, பாதி வார்த்தையை மென்றுகொண்டே பேசுவாராம். அப்பா ஒரு வார்த்தையையும் தவற விட்டதில்லை. தலையைத் தூக்காமல், பார்வையைத் தாளை விட்டு எடுக்காமல், காதிலிருந்து நேராகக் கைக்குப் போகும் அவருக்கு. நடுவில் மூளைக்கு வேலையே இல்லை. அதைத் தன் தொழிலின் பெருமையாகவே அவர் சொல்லிக்கொள்வார்.

எனக்கு அப்போது வயது பதினேழு. நகரத்திலிருந்த ஓர் எஞ்சினியரிங் கல்லூரியில் சேர (பெயர் வேண்டாம், அதன்மேல் குற்றம் ஒன்றுமில்லை) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதில் தேறினால் நேர்முகம். அந்தத் தேர்வுக்குத் தயார் செய்வதில் பர்வே சார் என்ற மராத்திப் பேராசிரியர் பெயர் பெற்றவர். தாதரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாலை வகுப்பு நடத்தினார். முகத்தை போர்டுக்கும் முதுகை மாணவர்களுக்கும் காட்டியபடி, சுண்ணாம்புத் தூளில் குளித்துக்கொண்டு அவர் பாடம் நடத்தும் அழகைப் பார்க்கவே பையன்கள் வருவார்கள்.

வெப்பம், ஒளி, காந்தம் மூன்றும் தொடங்க இருந்த வாரத்தில் எனக்கு அம்மை போட்டது.

அம்மா மார்க்கெட்டிலிருந்து வேப்பிலை வாங்கி வந்து வாசலில் சொருகினாள். அறையின் குறுக்கே ஒரு வேஷ்டியைக் கட்டி என்னை அந்தப் பக்கம் தள்ளினாள். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏன்னா, கொழந்தைக்கு மூணு வாரம் வெளில போகக் கூடாது. க்ளாஸை என்ன பண்றது?"

"நான் போறேன்" என்றார் அப்பா.

"நீங்க போயி?"

"எழுதிண்டு வரேன். பர்வே என்ன, எங்க தொரையை விடவா வேகமாப் பேசிடப் போறார்?"

சரஸாவுக்கு அப்போது பதிமூன்று வயது. வாய்க்கு மட்டும் முப்பது. "அப்பா, உங்களுக்கு ஃபிஸிக்ஸ் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எனக்குக் கப்பல் தெரியுமோ? இத்தனை வருஷமா கப்பல் கம்பெனிக்கு லெட்டர் எழுதலையா? புரிஞ்சுக்க ஆரம்பிச்சா ஸ்பீட் போயிடும்டீ."

இப்படியாக அப்பா பர்வே சார் வகுப்பில் சேர்ந்தார். மூடிய கோட்டும் குடையுமாக முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தவரைப் பார்த்து, கல்வி இலாகாவிலிருந்து யாரோ சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று பர்வே சார் பயந்துவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் நெகிழ்ந்துபோனார். தான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு மனிதன் எழுதிக்கொள்கிறான் என்ற எண்ணம் எந்த வாத்தியாரையும் உசுப்பிவிடும். அந்த மூன்று வாரமும் அவர் நடத்தியதுபோல வாழ்நாளில் நடத்தியதில்லை என்று வகுப்பில் பேச்சு.

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் அப்பா அதை டைப் அடித்து எடுத்து வருவார். மேலே ஆபீஸ் வழக்கப்படி "பொருள்: வெப்பம்", அதற்குக் கீழே "பார்வை: நேற்றைய வகுப்பு". பத்திகளுக்கு எண். ஓரத்தில் இடம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அப்படிப்பட்ட நோட்ஸ் அந்த வருஷம் பம்பாய் மாகாணத்தில் வேறு யாரிடமும் இருந்திருக்காது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். (பம்பாய் மாகாணம் அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே மகாராஷ்டிரம் ஆகிவிட்டது. ஒரு வேகத்தில் வந்துவிட்டது, மன்னிக்கவும்.)

எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒரு பத்தியைத் தமிழில் தருகிறேன். எனக்கு இன்னும் மனப்பாடம்.

"இப்போது இதை எடுத்துக்கொள்ளுங்கள். இது இங்கே இருக்கிறது. இதை மெதுவாக இப்படிக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? யாராவது சொல்லுங்கள். யாரும் இல்லையா? சரி. இது இதைவிடச் சிறியது என்று கண்ணாலேயே தெரிகிறது. ஆகவே இதை அடித்துவிடலாம். கடைசி பெஞ்ச், ஜன்னலைச் சாத்துங்கள். அடித்தபின் மிஞ்சுவது இது ஒன்றுதான். இதைத்தான் நாம் தேடிக்கொண்டிருந்தோம். அழகாக இல்லை?"

அப்பா தலையைத் தூக்கவில்லை. போர்டு என்று ஒன்று அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது.

அம்மை போட்டவன் கண்ணை வருத்தக் கூடாது என்று நோட்ஸைப் படித்துக் காட்டும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். பாலக்காட்டில் பத்தாவதுவரை படித்தவள். வேஷ்டித் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சகஸ்ரநாமம் சொல்கிற ராகத்தில் வெப்பத்தைப் படிப்பாள். இரண்டாம் நாளே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"டேய் மணி, இந்த 'இது'ன்னா எதுடா?"

"நீ படிம்மா. அது சயன்ஸ்."

"இல்லடா, பக்கம் பூரா 'இது இது'ன்னே இருக்கே. சாமான் பேரு மறந்துபோனவா பேசறாப்ல."

"பர்வே சார் சொன்னா அதுக்குக் காரணம் இருக்கும்மா."

மூலையிலிருந்து சரஸா: "ஜன்னலைச் சாத்தறதுக்கும் காரணம் இருக்கா அண்ணா?"

"காத்து அடிச்சா எக்ஸ்பெரிமெண்ட் தப்பாப் போயிடும். போடி, உனக்கென்ன தெரியும்?"

(இந்தப் பதிலைச் சொன்னவன்தான் எஞ்சினியராக ஆசைப்பட்டான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.)

அம்மா விடவில்லை. அப்பா வந்ததும் அவரிடமே கேட்டாள். அப்பாவுக்குச் சுருக்கென்றது. "அவர் வாய்லேர்ந்து வந்ததுல ஒரு வார்த்தை விட்டுப்போகலை. வேணும்னா பர்வேயையே கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கை கால் அலம்பப் போனார். அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. தோசை திருப்பும்போது மட்டும், "இதை மெதுவா இப்படிக் கொண்டுவந்தா என்ன ஆகும்? யாராவது சொல்லுங்கோ" என்று கரண்டியிடம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான் அப்படியே நம்பினேன் என்றால் அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நான் மனப்பாடத்தில் புலி. புரிந்து படிப்பது ஞாபக சக்தி இல்லாதவர்கள் செய்யும் வேலை என்று உண்மையாகவே நினைத்திருந்தேன். இன்னொன்று, அப்பா ஒரு சாயங்காலம் சொன்னது. திரைக்கு அந்தப் பக்கம் பென்சில் சீவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் காலம் பூரா இன்னொருத்தன் சொல்றதையே எழுதிண்டிருக்கேன் மணி. நீ சொல்லணும். நீ நின்னுண்டு சொல்லணும், எதிர்ல ஒருத்தன் பென்சிலை வெச்சுண்டு எழுதிக்கணும். அவ்வளவுதாண்டா எனக்கு."

நான் அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த நோட்ஸில் ஒரு எழுத்தைக்கூட விடுவதில்லை என்று.

தலைக்கு ஜலம் விட்டு என்னை வெளியே விட்டபோது பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது. திருந்த வாய்ப்பும் வந்தது. வகுப்பு நண்பன் ஒருவன் தன் நோட்டை எடுத்து நீட்டி, "வேணும்னா காப்பி பண்ணிக்கோ" என்றான். புரட்டிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் படமும் அம்புக்குறியும்தான். வார்த்தைகளே இல்லை. பாவம், இவனால் சார் வேகத்துக்கு எழுத முடியவில்லை என்று நினைத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். பாடப் புத்தகம் ஒன்றும் வீட்டில் இருந்தது. அது எல்லாரிடமும் இருக்கிறதே, அதில் என்ன விசேஷம்?

ஜூனில் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் தேர்வு. கணக்குத் தாளில் எனக்குச் சிரமம் இல்லை. பௌதிகத் தாளைத் திருப்பினேன். வெப்பம் இருந்தது! காந்தம் இருந்தது! எழுத ஆரம்பித்தேன். அம்மாவின் ராகம் காதில் ஓடியது, பேனா அதன் பின்னால் ஓடியது. ஜன்னல் வரி வந்தபோது மட்டும் ஒரு கணம் நின்றேன். அதை விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் மனப்பாடம் என்பது ரயில் பெட்டிகள் மாதிரி. நடுவில் ஒன்றைக் கழற்றினால் பின்னால் உள்ளவை ஸ்டேஷனிலேயே நின்றுவிடும். ஆகவே கடைசி பெஞ்சை ஜன்னல் சாத்தச் சொல்லிவிட்டு மேலே போனேன்.

நேர்முகத்துக்குக் கார்டு வந்தது.

வீட்டில் சேமியா பாயசம். அப்பா அந்தக் கார்டை ஆபீஸுக்கு எடுத்துப் போய் துரையிடமே காட்டி லீவு வாங்கி வந்தார். என் கணக்கு மார்க்கைப் பார்த்து அழைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். என் பௌதிகத் தாள் அந்தக் கல்லூரியில் அறை அறையாகப் பயணம் செய்துவிட்டது என்பதும், எழுதிய ஆளை நேரில் பார்க்கப் பலருக்கு ஆசை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பெயர் ஜோஷி, இளம் வயது, கண்ணாடி போட்டிருந்தார். அவர் முன்னால் என் விடைத்தாள் இருந்தது.

"மிஸ்டர் மணி, மூன்றாவது பக்கத்தில் எங்களை 'அழகாக இல்லை?' என்று கேட்டிருக்கிறீர்கள்."

"ஆமாம் சார்."

"அழகாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் 'யாராவது சொல்லுங்கள்' என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் மூன்று பேருக்குமே தெரியவில்லை."

இடது பக்கம் இருந்தவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வலது பக்கம் இருந்தவர் என்னிடம் குனிந்து, "ஜன்னலைச் சாத்தச் சொன்னீர்களே, அதைப் படித்ததும் நான் எழுந்து போய்ச் சாத்திவிட்டேன்" என்றார். "தேங்க் யூ சார்" என்றேன். அத்தோடு கைக்குட்டைக்காரர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஜோஷி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பர்வே சார் வகுப்பா?"

"ஆமாம் சார்."

"நானும் அவரிடம் படித்தவன். கடைசி பெஞ்ச். அந்த ஜன்னலை எத்தனையோ தடவை நான் சாத்தியிருக்கிறேன். உங்கள் தாளைப் படித்தபோது அவர் குரல் அப்படியே கேட்டது." பிறகு எழுந்து ஒரு சாக்பீஸை என் கையில் வைத்தார். "கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று செய்யுங்கள், இடம் உங்களுக்கு. இந்தப் பத்தியில் வருகிற 'இது' எது? வரைந்து காட்டுங்கள்."

போர்டு முன்னால் நின்றேன். மனதுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். இப்போது இதை எடுத்துக்கொள்ளுங்கள். எதை? ஒரு கோடு போட்டேன்.

"அது என்ன?"

"இதுதான் சார்."

"எது?"

பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, முதல் கோட்டைக் காட்டினேன். "இது, இதைவிடச் சிறியது சார்." அளவைப் பார்த்தபோது இரண்டாவது கோடுதான் சிறியதாக இருந்தது. அவசரமாக முதல் கோட்டில் பாதியை உள்ளங்கையால் அழித்தேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடியே அம்மை போட்டதையும் அப்பா எழுதியதையும் கொட்டிவிட்டேன்.

"உங்கள் அப்பா எங்கே?"

"வெளியே பெஞ்சில் இருக்கார் சார்."

பியூன் போய் அழைத்து வந்தான். கதவைத் திறந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் கண்டது இதுதான்: நான் போர்டு முன்னால் கையில் சாக்பீஸோடு நிற்கிறேன். எதிரே மூன்று பெரிய மனிதர்கள் பென்சிலோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் முகம் மலர்ந்ததுபோல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அந்த முகத்தை ஜோஷி கெடுக்க விரும்பவில்லையோ என்னவோ, என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "உட்காருங்கள். நான் பேசுவதைக் கொஞ்சம் எழுத முடியுமா?" என்றார். கேட்டு முடிப்பதற்குள் அப்பாவின் பையிலிருந்து தாளும் பென்சிலும் வந்துவிட்டன. ஜோஷி தன் பாடத்திலிருந்து எதையோ எடுத்து மூச்சுவிடாமல் கொட்டினார். நடுவில் அவர் ஒரு தடவை இருமினார். முடிக்கிற நேரத்தில் பியூன் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னான். முடிந்ததும் அப்பா வாசித்துக் காட்டினார். ஒரு வார்த்தை பிசகவில்லை. கடைசி வரி: "சாப், சாய் டண்டா ஹோ ரஹா ஹை."

கைக்குட்டைக்காரர் கை தட்டினார். டீ ஆறுகிறது என்று நினைவுபடுத்திய பெருமையில் வாசலில் நின்ற பியூனும் சேர்ந்து தட்டினான்.

"எங்கள் பேராசிரியர்கள் நடத்துவதை எழுதிப் பாடப் புத்தகமாக்க ஓர் ஆளை ரொம்ப நாளாகத் தேடுகிறோம்" என்றார் ஜோஷி. "வருகிறீர்களா? படம் போட வேறு ஆள் தருகிறோம்."

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். "பையன் சார்?"

ஜோஷி என்னைப் பார்த்தார். நான் போர்டிலிருந்த இரண்டு கோடுகளைப் பார்த்தேன். "பையன் அடுத்த வருஷம் வரட்டும். புரிந்துகொண்டு வரட்டும்."

திரும்பும்போது நல்ல மழை. பஸ் பைகுல்லா தாண்டியது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாத்திருக்கலாம்டா நான்" என்றார்.

"நானும் ஒரு தடவை எதுன்னு கேட்டிருக்கலாம்ப்பா."

"அம்மா கேட்டாளே."

"ஆமா. அம்மா கேட்டா."

இருவரும் அதைப் பற்றி யோசித்தபடி வந்தோம். இறங்குவதற்கு முன் குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "ஆனா போர்டுகிட்ட நின்னப்போ நன்னா இருந்தேடா."

அம்மா படியிலேயே காத்திருந்தாள். "என்ன ஆச்சு? சீட் கிடைச்சுதா, இல்லையா?"

அப்பா குடையை உதறினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "கிடைச்சுது" என்றார். அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு."

சரஸா சிரித்த சிரிப்பில் மேல் மாடிக்காரர்கள் இறங்கி வந்து என்னவென்று கேட்டார்கள்.

கணபதி பண்டிகை முடிந்ததும் அப்பா கப்பல் கம்பெனியை விட்டுவிட்டு அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். நான் பி.எஸ்ஸி.யில் சேர்ந்துகொண்டு, அடுத்த வருஷம் மறுபடியும் தேர்வு எழுதினேன். எல்லாவற்றையும் புரிந்துகொண்டு எழுதினேன். அப்போதும் கிடைக்கவில்லை. (இதைச் சரஸா சொல்ல மாட்டாள். கதையின் அழகு போய்விடுமாம்.) பிறகு இன்ஷூரன்ஸில் வேலை கிடைத்து, இன்னொருவர் சொல்வதை எழுதாமலும், யாரும் எழுதிக்கொள்ளும்படி எதுவும் சொல்லாமலும் காலத்தைக் கழித்தேன்.

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது கல்யாணம் என்றால், சம்பந்தி வீட்டார் மரியாதைக்காக, "உங்காத்துல எஞ்சினியர் யாராவது உண்டா?" என்று கேட்பார்கள். சரஸா அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பாள்.

"எஞ்சினியர் கிடையாது. ஆனா எங்கப்பா எஞ்சினியரிங் காலேஜ்ல இருந்தார். ரிடையர் ஆற வரைக்கும் தினம் க்ளாஸுக்குப் போனார், ஃபர்ஸ்ட் பெஞ்ச். கடைசி வரைக்கும் பாஸே ஆகலை."

அப்பா இருந்தவரை அந்தப் பந்தியில் எங்காவது உட்கார்ந்திருப்பார். இலையிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வார்:

"அட்டெண்டன்ஸ் ஃபுல்லுன்னு சொல்லுடீ."